நிலத்தை ஆய்ந்து வானத்தை அளந்த அறிஞர் பிளான்ஃபோர்டு

முன்னுரை

குறுவைக்கு நாற்றுவிடும் தஞ்சை உழவரின் கண் மேற்கே குடகுமலையை நோக்கியிருக்கும். சம்பாவும் தாளடியும் பயிராகும் காலத்தில் அது கீழ்வானத்தை நோக்கும். இவ்வாண்டு மழை எப்படி என்னும் வினாவே காவிரிச் சமவெளியின் வாழ்வும் தாழ்வும் ஆகும். அவ்வினாவுக்கு அறிவியல் வழியில் விடை தேடிய முன்னோடி, சுரங்கவியல் கற்ற நிலவியலாளர் ஒருவர். அவரே ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு.

கல்வியும் பணியும்

1834-இல் லண்டனில் பிறந்த இவர், அந்நகரில் 1851-இல் தொடங்கப்பட்ட அரசு சுரங்கவியல் பள்ளியில் பயின்றார். பின்னர் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்திலும் கற்றார். 1855-இல் தம் தமையனார் வில்லியமுடன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஒரிசாவின் தால்சேர் நிலக்கரி வயலில் உடன்பிறந்தார் இருவரும் ஆய்ந்தபோது, அங்குள்ள பாறைக் குண்டுகள் பண்டைக் காலத்தில் பனிக்கட்டியால் கொண்டுவரப்பட்டவை எனக் கருதினர். வெப்பநாட்டில் பனியின் சுவடா என்று அறிஞருலகம் வியந்தது. பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை உறுதி செய்தன.

கொள்ளிடத்துக்கு வடக்கே

அடுத்து அவர் வந்த இடம் நம் அண்டை நிலமாகும். கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே சென்றால் ஊட்டத்தூர், அரியலூர் பகுதிகளில் கடல்வாழ் உயிர்களின் கல்லான ஓடுகள் கிடைக்கின்றன. அப்பாறைகளை அடுக்கு அடுக்காக ஆய்ந்த பிளான்ஃபோர்டு, அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவரது விரிவான அறிக்கை 1862-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கும் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அங்குக் கடல் பரவியிருந்த வரலாற்றை அப்பாறைகள் கூறுகின்றன. சிற்றூரான ஊட்டத்தூரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றது இவரால் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டே இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் இயங்குகின்றன.

மண்ணிலிருந்து வானுக்கு

1862-இல் ஆய்வுத் துறையை விட்டு நீங்கிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1864 அக்டோபர் 5-ஆம் நாள் அந்நகரைப் பெரும்புயல் தாக்கியது. அதனை ஆய்ந்து அறிக்கை எழுதியவருள் இவரும் ஒருவர். அது முதல் வானிலையே இவர்தம் துறையாயிற்று. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். ஆங்காங்கே தனித்தனியாக எடுக்கப்பட்டு வந்த மழை, வெப்ப அளவுகளை நாடு முழுவதற்கும் ஒரே முறையின்கீழ்க் கொணர்ந்தார்.

அடுத்த ஆண்டே பேரிடர் வந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். மழை பொய்க்கப்போவதை முன்னரே அறிந்தால் தானியம் சேர்த்து உயிர்களைக் காக்கலாகாதா என்னும் கேள்வி எழுந்தது. இமயத்தில் பனி மிகுதியாகப் பெய்து நெடுநாள் நீடித்தால், வறண்ட காற்று வீசித் தென்மேற்குப் பருவமழை குன்றும் என 1884-இல் பிளான்ஃபோர்டு எழுதினார். 1882 முதல் நான்கு ஆண்டுகள் அவர் சோதனையாகக் கணித்தவை ஊக்கம் அளித்தன. எனவே 1886 ஜூன் 4-ஆம் நாள் முறையான முதற் பருவமழை முன்னறிவிப்பு வெளியாயிற்று.

கணிப்பின் எல்லை

ஆயினும் அக்கணிப்பு எல்லா ஆண்டும் பலிக்கவில்லை. அவர் 1893-இல் மறைந்த பின், 1899-இல் நேர்ந்த கடும் வறட்சியை வானிலைத் துறை முன்கூட்டி உணர்த்தத் தவறியது. பின்வந்த கில்பர்ட் வாக்கர் தொலைதூரப் பெருங்கடல்களின் காற்றழுத்தத்தையும் இணைத்து ஆய்ந்தார். பனி மட்டுமே மழையை முடிவு செய்வதில்லை என்பது தெளிவாயிற்று. மேலும், நம் சமவெளிக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்குத் தனிக் கணிப்பே வேண்டும்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! பாறையில் அடுக்கை எண்ணியவர், மழையில் ஆண்டுகளை எண்ணினார். பொருள் மாறினும் முறை மாறவில்லை. கண்டதைப் பதிவு செய்தார், பதிவுகளை ஒப்பிட்டார், தம் முடிவைப் பிறர் சோதித்துப் பார்க்குமாறு வெளிப்படையாக எழுதினார். அவ்வாறு எழுதியதால்தான் அதன் குறையைப் பின்வந்தோர் கண்டு திருத்த முடிந்தது. நம் ஊர் மழைமானியில் நாள்தோறும் குறிக்கப்படும் சிறிய எண்ணும் அப்பெரும் பணியின் ஒரு கண்ணியே. அதனைப் பிழையின்றிக் குறிப்பவர், தாம் காணாத ஓர் உழவரின் விளைச்சலைக் காப்பவராவார்.