பெட்டிக்கு வயதாகிவிட்டது, திரைக்கு ஆகவில்லை

2014 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் 27 அங்குல ஐமேக் ஒன்றை வெளியிட்டது. விலை 2,499 டாலரில் தொடங்கியது. அதன் திரையில் குறுக்கே 5,120, நெடுக்கே 2,880 என்று மொத்தம் 1.47 கோடி பிக்சல்கள்; சாதாரண முழு எச்.டி. திரையைப் போல ஏழு மடங்கு. இன்று அந்த மாடலுக்குப் புதிய மேக்ஓஎஸ் கிடையாது. அதில் ஏறும் கடைசிப் பதிப்பான பிக் சர்க்கு 2023 செப்டம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோயின. விண்டோஸ் 10 போட்டு ஓட்டியவர்களுக்கும் 2025 அக்டோபர் 14 அன்று கதவு சாத்தப்பட்டது. திரை மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கிறது. 2022-இல் ஆப்பிள் தனியாக விற்கத் தொடங்கிய 1,599 டாலர் ஸ்டுடியோ டிஸ்ப்ளேயிலும் பிக்சல் எண்ணிக்கை இதுவேதான்.

இந்த நிலையில் நண்பர்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: லினக்ஸ் போடு. யோசனை தவறில்லை. அதோடு இலவச இணைப்பாக வரும் நம்பிக்கைகளில்தான் கோளாறு.

“திரை நல்ல திரை என்றால், எந்த இயங்குதளத்திலும் முழுத் தெளிவு வந்துவிடும்.”

வராமல் போகலாம். ஐமேக்கைப் பொறுத்தவரை விஷயமே இதில்தான் இருக்கிறது.

5கே படம் ஒன்றை நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்ப, படத்துக்கு மட்டுமே நொடிக்கு 21 கிகாபிட்டுக்கு மேல் தேவை. 2014-இல் புழக்கத்தில் இருந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்ற இணைப்பால் 17.28 கிகாபிட்தான் சுமக்க முடியும். அதே ஆண்டு வந்த டெல்லின் 5கே மானிட்டர் இதற்காக இரண்டு கேபிள்களைக் கேட்டது. ஆப்பிளும் உள்ளுக்குள் அதையேதான் செய்தது: திரையின் இடப்பாதிக்கு ஒரு ஓடை, வலப்பாதிக்கு ஒரு ஓடை. இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டித் தரத் தனியாக ஒரு சிப். மேக்ஓஎஸுக்கு இந்த வீட்டு ரகசியம் தெரியும். வெளியாளான லினக்ஸுக்கு முதல் ஓடை மட்டும் கண்ணில் பட்டால், அமைப்புப் பட்டியலில் அதிகபட்சமாக 3840×2160 என்றுதான் நிற்கும். பலருக்கும் நேர்வது இதுதான்.

4கே வந்தால் போதாதா என்று கேட்கலாம். படத்தின் மூன்று பிக்சல்களைத் திரையின் நான்கு பிக்சல்களில் பரப்ப வேண்டியிருக்கிறது. ஒன்றை ஒன்றே கால் சொச்சமாகப் பரப்பினால் விளிம்பு கரையும். புகைப்படத்தில் இது தெரியாது, எழுத்தில் தெரியும். அதிலும் சுழிகள் நெருங்கிய ‘ணை’, ‘ஞ’ போன்ற தமிழ் எழுத்துகளைச் சிறிய அளவில் வைத்துப் பார்த்தால், கண்ணாடியை ஒருமுறை துடைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றும். 2560×1440 என்று வைத்தால் படத்தின் ஒரு பிக்சல் திரையின் நான்கு பிக்சலில் கச்சிதமாக உட்காரும். கணக்கு நேராகும், ஆனால் 5கே திரை வாங்கியதன் பயன் அங்கே போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் அண்ணனைவிடத் தம்பியே சமர்த்து. 2015 இறுதியில் வந்த 21.5 அங்குல 4கே ஐமேக்கின் திரை 4096×2304. அதற்கு வேண்டியது 14 கிகாபிட்டுக்கும் குறைவு என்பதால் ஒரே ஓடை போதும். கிராஃபிக்ஸும் இன்டெலின் ஐரிஸ் ப்ரோ 6200. அதற்கான டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. பழைய பொருள் சந்தையில் இரண்டும் அருகருகே கிடந்தால், லினக்ஸ் போடுவதற்கென்றே வாங்குபவர் சின்னதை எடுப்பது உத்தமம். ஒரு குறை உண்டு. அதன் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, பின்னால் கூட்ட முடியாது. 16 ஜி.பி. உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

“எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? 150 சதவீதம் வைத்தால் சரியாகிவிடும்.”

சரியாகிவிடும், கூலி கொடுத்து. 200 சதவீதம் என்பது முழு எண் என்பதால் கணினிக்குச் சுலபம். 150 அப்படியல்ல. லினக்ஸ் மின்டின் சின்னமன் போல, பழைய எக்ஸ் முறையில் இயங்கும் மேசைத்தளங்கள் முதலில் எல்லாவற்றையும் 200 சதவீதத்தில் வரைந்து, பிறகு 150-க்குச் சுருக்குகின்றன. 4கே-யில் மாட்டிக்கொண்ட 27 அங்குல ஐமேக்கில் இதைச் செய்தால் நடப்பது இதுதான்: கிராஃபிக்ஸ் சிப் 5120×2880 அளவில் வரைகிறது, அதை 3840×2160 ஆகச் சுருக்கி அனுப்புகிறது, திரை அதை வாங்கி மறுபடி 5120×2880 ஆக இழுக்கிறது. 5கே வேலை முழுவதையும் செய்துவிட்டு 4கே தெளிவைப் பெறுவதற்கு இதைவிடக் கச்சிதமான வழி கிடையாது. பத்து வருடத்துக்கு முந்தைய ரேடியான் சிப்புக்கு மூச்சு வாங்கினால் அதைக் குறை சொல்ல முடியாது. வேலண்ட் முறையில் இயங்கும் க்னோமும் கேடிஇ பிளாஸ்மாவும் பின்ன அளவுகளை இதைவிட நன்றாகக் கையாள்கின்றன.

“பழைய கணினிக்கு இலகுவான மேசைத்தளமே நல்லது” என்ற வழக்கமான அறிவுரையும் இங்கே இடறுகிறது. குறைந்த நினைவகத்தில் ஓடுவது ஒரு திறமை. இத்தனை பிக்சல்களில் ஐகானையும் எழுத்தையும் சரியான அளவில் காட்டுவது வேறு திறமை. முதலாவதில் கெட்டிக்காரர்கள் இரண்டாவதிலும் அப்படியே இருப்பதில்லை.

“லினக்ஸ் போட்டால் பழைய ஐமேக் பறக்கும்.”

பறக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். 21.5 அங்குல 4கே மாடலில் அடிப்படையாக வந்தது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் 1 டி.பி. டிஸ்க். 2015-க்கே அது மெதுவான சரக்கு. எந்த இயங்குதளம் வந்தாலும் அது அதே வேகத்தில்தான் சுற்றும். 27 அங்குல மாடலில் ஃப்யூஷன் டிரைவ் என்று ஒன்று வந்தது. 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யையும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கையும் மென்பொருளால் ஒன்றாக்கிக் காட்டிய ஏற்பாடு அது. லினக்ஸ் இந்தக் கல்யாணத்தை ஏற்பதில்லை, இரண்டையும் தனித்தனி ஆளாகத்தான் பார்க்கும். அதிலும் ஒரு வசதி இருக்கிறது: இயங்குதளத்தை எஸ்.எஸ்.டி.யிலும், படங்களையும் பாட்டுகளையும் ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்துவிடலாம்.

டிஸ்க்கை மாற்றுவதென்றால் திரைக் கண்ணாடியைப் பிரிக்க வேண்டும், 2012 இறுதி முதல் அது பசை நாடாவால் ஒட்டப்பட்டே வருகிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். அஞ்சுவது நியாயம்தான். ஆனால் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னாலுள்ள யு.எஸ்.பி. 3 துளையில் ஒரு வெளி எஸ்.எஸ்.டி.யைச் செருகி, லினக்ஸை அதிலேயே நிறுவி, அதிலிருந்தே இயக்கலாம். 27 அங்குலக்காரர்களுக்கு இன்னொரு சலுகை: முதுகில், மின் கம்பி செருகும் இடத்துக்கு மேலே ஒரு சிறு மூடி உண்டு. அதைத் திறந்தால் நான்கு ராம் இடங்கள்; 2014 மாடலில் 32 ஜி.பி. வரை போடலாம்.

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. 4கே யூடியூப் வரும் வி.பி.9 வடிவத்தைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் 2014 மாடலில் இல்லை. சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும், மின்விசிறி கத்தும். 1080-இல் எச்.264 வடிவில் பார்த்தால் அமைதியாக ஓடும்.

“மற்றதையெல்லாம் லினக்ஸே கண்டுபிடித்துக்கொள்ளும்.”

பெரும்பாலானதை, ஆம். வைஃபையை அல்ல. 2014, 2015 ஐமேக்குகளில் உள்ள பிராட்காம் சிப்புக்கு அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து டெதரிங் போட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். 2017 மாடலுக்கு வந்தால் வைஃபை தானே ஓடும், பதிலுக்கு ஸ்பீக்கர் ஊமையாகலாம். அதன் சிரஸ் லாஜிக் ஒலிச் சிப்புக்குத் தனி டிரைவர் தேட வேண்டும். 2020 மாடலில் டி2 என்ற காவலாளிச் சிப் வேறு. வெளி டிரைவிலிருந்து இயக்க மேக்ஓஎஸின் மீட்புப் பகுதிக்குப் போய் முன்னதாகவே அனுமதி தர வேண்டும்.

ஆக, எதையும் அழிப்பதற்கு முன் பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஐமேக்கை இயக்கி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் திறக்க வேண்டியது திரை அமைப்புப் பக்கம்: எந்த எண் வருகிறது? அடுத்தது ஒலி, வைஃபை. அரை மணி நேர வேலை. மேக்ஓஎஸை ஒரு சிறு பகுதியில் விட்டுவைப்பதும் நல்லது, ஆப்பிள் தன் ஃபர்ம்வேர் திருத்தங்களை மேக்ஓஎஸ் வழியாகவே தந்திருக்கிறது.

“எதற்கு வம்பு, ஒரு கேபிள் போட்டு மானிட்டராக வைத்துக்கொள்ளலாமே.”

2009 இறுதியிலிருந்து 2014 நடுப்பகுதி வரை வந்த ஐமேக்குகள் சிலவற்றில் டார்கெட் டிஸ்ப்ளே மோட் என்ற வசதி உண்மையிலேயே இருந்தது. 5கே மாடல் வந்ததோடு அது எடுக்கப்பட்டது. இரட்டை ஓடைத் திரைக்கு ஒற்றைக் கேபிளில் அன்று வழியில்லை. இப்போது கைத்திறன் உள்ளவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். பசையை அறுத்துக் கண்ணாடியைத் தூக்கி, உள்ளேயிருக்கும் மதர்போர்டு, டிஸ்க், விசிறி எல்லாவற்றையும் கழற்றி, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 ஏற்கும் ஒரு கன்ட்ரோலர் போர்டைப் பொருத்திவிடுகிறார்கள். அதில் சற்றுப் புதிய லினக்ஸ் கணினி ஒன்றை ஒரே கேபிளில் மாட்டினால், முன்பு அதே திரையில் வர மறுத்த 5120×2880 பட்டியலில் முதல் வரியாக வந்து நிற்கும்.