தராசு சொல்வது சரிதானா?

சகோதர வியாபாரிகளே! 1889 முதல் உலகத்தின் கிலோகிராமுக்கு மூலமாக இருந்தது பாரிசுக்கு அருகே பூட்டி வைத்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. சுமார் நூறு வருடம் கழித்து அதைப் பிரதிகளோடு ஒப்பிட்டால், 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம்! 2019 மே 20ஆம் திகதி அந்த உருளையைக் கைவிட்டு, மாறாத பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோவை வரையறுத்தார்கள்.

பூட்டி வைத்த உலோகத்துக்கே இப்படியென்றால், தொண்டைமானாற்று உப்புக் காற்றில் கருவாடு நிறுக்கும் டிஜிட்டல் தராசு எம்மாத்திரம்? அதனுள்ளே ஓர் உலோகத் துண்டு பாரத்தால் மிக நுண்மையாக வளைகிறது. அந்த வளைவை மின்சாரத்தால் அளந்துதான் இலக்கம் வருகிறது. துருவும் ஈரமும் அதைக் கெடுக்கும். ஆனாலும் திரை தயங்காமல் ஓர் இலக்கத்தைக் காட்டும்.

கிலோவுக்கு 10 கிராம் குறைந்தால், நாளுக்கு 100 கிலோ விற்பவரிடம் பிறருடைய 1 கிலோ தங்கிவிடும். வாங்குபவருக்கு அது தெரியாது. அளவையில் மோசம் செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் 83ஆவது அத்தியாயத்தை ஓதும் நாம் இதை அலட்சியம் செய்யலாமா?

தினமும் கடை திறந்ததும் முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துப் பாருங்கள். பையின் பாரத்தைக் கழித்து நிறுங்கள். அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் வருடாந்த முத்திரையைத் தவறவிடாதீர்கள். வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!