பூசணி சீஸ்கேக்: முதல் வேலை நீர் வடிப்பது

கேள்வி: தீபாவளி விருந்துக்குப் பூசணி சீஸ்கேக் சுட ஆசை. டின் விழுதுதான் வேண்டுமா, சந்தைப் பூசணி போதுமா?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: சந்தைப் பூசணியே போதும், ஆனால் அதன் நீரை வடித்தாக வேண்டும். அமெரிக்கர்கள் நவம்பர் விருந்துக்கு டின் விழுதை நம்புவதற்கு முக்கியக் காரணம், எந்த டின்னைத் திறந்தாலும் ஒரே கெட்டியாக இருப்பது. நம் மஞ்சள் பூசணியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வேகவைத்து அப்படியே கலந்தால் கேக்கின் நடுப்பகுதி இறுகாது. இறுகட்டும் என்று கூடுதலாகச் சுட்டால் முட்டையின் புரதம் சுருங்கி மேற்பரப்பு பிளக்கும். ஆகவே துண்டுகளை ஓவனில் சுட்டு மசித்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு வாணலியில் கிளறுங்கள். கரண்டி இழுத்த தடம் மூடாமல் நின்றால் அதுதான் பதம். 500 கிராம் கிரீம் சீஸுக்கு இந்த விழுது 250 கிராம், முட்டை மூன்று, சர்க்கரை 150 கிராம். சர்க்கரையில் பாதிக்குக் குலா மலாக்கா சேருங்கள். ஏலக்காயோடு அது அருமையாகப் பொருந்தும்.

வடித்தால் இனிப்பும் போய்விடுமே என்பீர்கள். கொஞ்சம் போகும்தான், வடிந்த சாற்றைப் பாகாகக் காய்ச்சி விழுதிலேயே கலந்துவிடலாம். சோளமாவு போட்டால் இந்த வேலையெல்லாம் மிச்சம் என்பவர்களும் உண்டு. ஒரு கரண்டி உதவும்; அதற்கு மேல் போனால் கேக் களியாகிவிடும். வெந்நீர்த் தட்டில் வைத்து 160 டிகிரியில் சுடுங்கள். நடுப்பகுதி லேசாகத் ததும்பும்போதே ஓவனை அணைத்து, உள்ளேயே ஆறவிட்டு, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.