பட்டறையில் ஒரு பட்டதாரி நிலைக்க வேண்டுமென்றால்

பெரம்பலூர் – ஆத்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் பிரிந்து போனால் பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் வரும். கோயில் தேர், வாகனம், கதவு, சாமி சிலை எல்லாம் மரத்தில் செதுக்கும் ஊர். வாகை, மா, வேம்பு என்று மரம் பார்த்து, பெரும்பாலும் ஒரே துண்டில் உருவத்தை எடுப்பார்கள். 2020-இல் இந்த மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்துவிட்டது, உளி பிடிக்கவும், ஆர்டர் பேசவும், கணக்குப் பார்க்கவும் படித்த பிள்ளைகள் வர வேண்டுமே என்ற கவலை மட்டும் போகவில்லை.

பிள்ளைகளுக்கு இன்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் காலணித் தொழிற்சாலை திறந்து, குரோக்ஸ் செருப்பு அங்கே தயாராகிறது. அரியலூர்ப் பக்கம் போனால் சிமென்ட் ஆலைகள். அதையும் தாண்டினால் திருச்சி, சென்னை, வெளிநாடு. இவற்றோடு போட்டி போட்டு ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறையோ, பெரம்பலூரில் இருபது பேர் வைத்திருக்கும் கடையோ ஒரு பட்டதாரியை எப்படித் தக்கவைப்பது? கண்முன்னே சில வழிகள் இருக்கின்றன. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது.

சம்பளத்தைக் கூட்டுவது

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது இதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னையில் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகைப் பங்கு 5,000, சாப்பாடு 6,000, ஊருக்கு வந்து போவதும் கைச்செலவும் 3,000. மிச்சம் 6,000. அரும்பாவூரில் 13,000 கொடுத்து, பிள்ளை வீட்டுக்கு 4,000 கொடுத்தாலும் கையில் 9,000 நிற்கும். உள்ளூர் முதலாளிக்கு இது நல்ல செய்தி. இந்தக் கணக்கைப் பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து, தாளில் எழுதிக் காட்டிப் பேசலாம்.

ஆனால் இது முதல் வருடக் கணக்கு. மூன்றாம் வருடம் சென்னையில் இருப்பவன் 30,000-க்குப் போயிருப்பான். இங்கே இருப்பவன் அதே 13,000-இல் நிற்பான். பிள்ளைகள் கிளம்புவது அப்போதுதான். அதனால் தொடக்கச் சம்பளத்தை இழுத்துப்பிடித்து ஆயிரம் ரூபாய் கூட்டுவதைவிட, எந்த மாதம் எவ்வளவு ஏறும், எந்த வேலை கற்றுக்கொண்டால் எவ்வளவு ஏறும் என்று இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுப்பது பலமான வழி. செலவும் குறைவு. அப்படி எழுதிக் கொடுக்கத் தயங்கும் முதலாளிக்குச் சம்பள உயர்வு வழி பயன்படாது.

தொழில்பழகுநராக எடுப்பது

இந்த வழியைச் சிறு முதலாளிகள் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ் இன்ஜினியரிங் படித்தவர்களை மட்டுமல்ல, கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளையும் எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு இது கட்டாயம். நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டுச் சேரலாம். 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இதை 12,300 வரை உயர்த்த 2025-இல் பரிந்துரை வந்திருப்பதால், பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்கும் தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பழகுநருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதைச் சாக்காக வைத்து வருடா வருடம் புதுப் பிள்ளைகளை மாற்றிக்கொண்டே இருந்தால் பட்டறைக்குப் பெயர் கெடும். பெரம்பலூர் சின்ன மாவட்டம். ஒரு கல்லூரியில் பேச்சு கிளம்பினால் அடுத்த கல்லூரிக்கு நாலே நாளில் போய்விடும். பத்தாவது மாதத்திலேயே 'உனக்கு இங்கே இடம் உண்டா, என்ன சம்பளம்' என்று சொல்லிவிடுகிறவர்களுக்கு இது ஏற்ற வழி.

உருப்படிக் கூலியா, பங்கா?

மரச்சிற்பத்தில் காலங்காலமாக உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கைத்திறன் முற்றிய ஸ்தபதிக்கு அது சரி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு உளியும் கொட்டாப்புளியுமாக உட்காரும் பையனுக்கு ஒத்துவராது. முதல் வருடம் அவன் கை ஓடாது, கூலியும் ஓடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'பையனுக்கு என்ன வேலை?' என்ற கேள்விக்கு 'கூலிக்குச் செதுக்குகிறான்' என்று பெற்றோரால் சொல்ல முடிவதில்லை. இதைச் சிறிய விஷயமாக எந்த முதலாளியும் நினைக்கக் கூடாது. பதவிப் பெயர், நியமன ஆணை, பி.எஃப். எண் மூன்றும் நம் ஊரில் சம்பளத்துக்கு இணையான மதிப்புள்ளவை.

என் பரிந்துரை இரண்டையும் கலப்பது. மாதம் நிச்சயமாக ஒரு தொகை. அதற்கு மேல் அவன் கொண்டுவந்த ஆர்டருக்கோ முடித்துக் கொடுத்த உருப்படிக்கோ ஒரு விழுக்காடு. குறிப்பாக ஆர்டர் பேசுவது, சிலையின் அளவைக் கணினியில் வரைந்து வாடிக்கையாளருக்கு அனுப்புவது, வெளிநாட்டுக் கோயில்களோடு ஆங்கிலத்தில் பேசுவது, மரம் வாங்கியதிலிருந்து ஏற்றி அனுப்பும் வரை செலவுக் கணக்கு வைப்பது, இவையெல்லாம் பட்டதாரி இல்லாமல் பல பட்டறைகளில் தேங்கிக் கிடக்கும் வேலைகள். பட்டறைக்குள் பட்டதாரிக்கான வேலை எது என்று முதலாளி முதலில் முடிவு செய்ய வேண்டும். டீ வாங்கிவரவும் மரத்தூள் கூட்டவும் பி.காம். பையனை வைத்துக்கொண்டால், அவன் போவதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது.

பெரம்பலூர்ப் பக்கம் இருபது பேருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. பி.எஃப். பதிவுள்ள நிறுவனம் 2025 ஆகஸ்ட் முதல் 2027 ஜூலைக்குள் புதிதாக ஆள் எடுத்து ஆறு மாதமாவது வைத்திருந்தால், மத்திய அரசின் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு வருடம் கிடைக்கும். 50 பேருக்குக் குறைவாக உள்ள இடம் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுக்க வேண்டும். முதல்முறை வேலைக்கு வரும் பிள்ளைக்கும் 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாகத் தனியாக வருகிறது. சிறு பட்டறைகளும் வேலையாட்களின் சம்மதத்தோடு பி.எஃப்.-இல் தாமாகச் சேரலாம்.

பெண் பட்டதாரிகளைத் தக்கவைக்க நினைப்பவர்கள் வேலை நேரத்தைப் பேருந்து நேரத்தோடு பொருத்துங்கள். நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. கடைசிப் பேருந்து போன பிறகு 'இன்னும் அரைமணி இரும்மா' என்று நிறுத்தினால் அந்தப் பெண்ணின் வேலைக்கு வீட்டில் முற்றுப்புள்ளி விழுந்துவிடும்.

ஒரு வழியை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டு, 'இரண்டு வருடம் போகக் கூடாது' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பயந்து உட்கார்ந்திருப்பவன் வேலையில் மனம் வைக்க மாட்டான். நல்ல பிள்ளைகள் அந்த வாசலுக்கே வர மாட்டார்கள்.

ஐந்தாறு பேர் உள்ள பட்டறைக்கு: ஒரு பழகுநரை எடுத்து, வருடம் முடிந்ததும் நிலையான சம்பளமும் ஆர்டரில் பங்கும் கொடுங்கள். இருபது பேருக்கு மேல் உள்ள இடத்துக்கு: பி.எஃப்.-உடன் நேரடி வேலை, எழுதிய சம்பளப் படி. நியமன ஆணை இரண்டு இடத்துக்கும் பொது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இருபது பேருக்கு மேல் உள்ள இடத்துக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டன. ஏற்கெனவே உங்களிடம் ஆணை இல்லாமல் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால், புது ஆளைத் தேடும் முன் இந்த மாதமே அவர்கள் கையில் அதைக் கொடுத்துவிடுங்கள்.