ஜி.பி.எஸ். வாட்ச் வாங்கப் போகிறீர்களா?

ஓடும் தூரத்தை அளக்க விலை குறைந்த வாட்ச் தேடுகிறீர்களா? பெட்டியில் 'ஜி.பி.எஸ்.' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. சில வாட்ச்களில் ஜி.பி.எஸ். ரிசீவரே இருக்காது. அவை உங்கள் மொபைல் போனிலிருந்து புளூடூத் வழியாக இருப்பிடத்தைப் பெறும். போன் இல்லாவிட்டால் காலடிகளை எண்ணி உத்தேசமாகத்தான் தூரத்தைக் காட்டும். எனவே 'பில்ட்-இன் ஜி.பி.எஸ்.' உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதைவிட, ஜி.பி.எஸ். இயங்கும்போது எத்தனை மணி நேரம் வரும் என்று பாருங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை. போனை வீட்டில் வைத்துவிட்டு, திறந்த வெளியில் நின்று சிக்னல் கிடைத்ததும் ஓடுங்கள். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது 4 சாட்டிலைட்டுகள் தேவை என்பதால் சற்றுப் பொறுங்கள். திரும்பியதும் ஆப்பைத் திறந்தால், ஓடிய பாதை மேப்பில் கோடாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா? திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.