கீரிமலை வளவில் இரும்புக் குழாய் புதைக்க: முழுமையான வழிகாட்டி

கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்குத் தெரியும்: மதிலுக்கு இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் கடல். சுண்ணக்கல் வெடிப்புகளால் நன்னீர் வரும் இதே கரையில் உப்பும் ஊறிக் கிடக்கிறது. புதைத்த இரும்பு இங்கே வெளிப்புறத்திலிருந்தே கறள் பிடித்து ஓட்டையாகும்.

1. இரும்பு தேவையா?

கிணற்றிலிருந்து தாங்கிவரை பிவிசி குழாயே போதும். கேற்றடியில் லொறி ஏறும் இடத்துக்கும், நிலத்தைவிட்டு மேலே எழும் துண்டுக்கும் மட்டும் இரும்பு போடுங்கள்.

2. மண்ணைப் பாருங்கள்

மண்ணின் மின்தடைத்திறன் 1,000 ஓம்-சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தால் அரிப்பு கடுமையாக இருக்கும். அளக்கக் கருவி இல்லையா? கோடையில் நிலத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அதுவே எச்சரிக்கை.

3. கிடங்கு

அடியில் 10 சென்ரிமீற்றர் மணல் பரப்புங்கள். கல்லின் கூர் பூச்சைக் கீறிவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். சாம்பல், கரி, கட்டட இடிபாடு எதுவும் கலக்கக் கூடாது. முழு நீளத்துக்கும் ஒரே மண்ணால் மூடுங்கள். ஓரிடத்தில் இறுகிய களியும் மறு இடத்தில் பொலபொலத்த மணலும் இருந்தால், காற்றுக் குறைந்த களிப் பக்கம்தான் அரிபடும். பலரும் மறுபுறமாக நினைக்கிறார்கள்.

4. பொருத்துகள்

கல்வனைஸ் குழாய் என்றால் பயமில்லை என்பார்கள். மரை வெட்டும்போதே அந்த இடத்து நாகப் பூச்சு போய்விடுகிறது. ரெஞ்சின் பல் பதிந்த இடத்திலும் அதே கதை. கறள் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். முதலில் தண்ணீர் விட்டு ஒழுக்குப் பாருங்கள். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, கிறீஸ் தோய்ந்த நாடாவைப் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று விழச் சுற்றுங்கள். பொருத்தின் இரு பக்கமும் ஒரு சாண் தாண்டட்டும்.

5. பொலித்தீன் உறை, மகனீசியம்

ஊர்க் குழாய்களாகப் போடும் பெரிய வார்ப்பிரும்புக்கு 0.2 மில்லிமீற்றர் பொலித்தீன் உறை உண்டு. அமெரிக்காவில் 1950களிலிருந்து பயன்படுகிறது. உறையைக் கிழியாமல் இறக்குவதில்தான் வேலையே இருக்கிறது. எஃகுக் குழாயாயின், பூச்சோடு மகனீசியக் கட்டியையும் கம்பியால் இணைத்துப் புதைப்பார்கள். குழாய்க்குப் பதிலாக மகனீசியம் கரையும். கப்பலின் செப்புத் தகட்டைக் காக்க 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி வேறு உலோகத்தைக் கொண்டு செய்ததும் இதே உத்திதான். வீட்டுத் துண்டுக் குழாய்க்கு இந்தச் செலவு வீண்.

6. பழையதோடு புதியது

பித்தளை வால்வு, கொங்கிறீற் கம்பி ஆகியவற்றை இரும்புக் குழாயில் நேரடியாகத் தொடவிடாதீர்கள். இடையில் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். ஆனால் வீட்டு மின்சார எர்த் அந்தக் குழாயில் கட்டியிருந்தால், முதலில் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். பழைய குழாயில் ஒரு துண்டை மட்டும் மாற்றும்போதும் பிளாஸ்டிக் அவசியம்: இல்லாவிட்டால் புதிய துண்டுதான் முதலில் கறள் பிடிக்கும்.