மனநோய்க் காலத்தில் கிடைத்த ராணுவ டிஸ்சார்ஜ்: திருத்தக் கேட்பது எப்படி?

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் டிடி-214 (பணிவிடுப்புச் சான்று) என்ற தாள் இருக்கும். வேலைக்குப் போனாலும், வீட்டுக் கடன் கேட்டாலும், கல்லூரிச் சலுகைக்கு எழுதினாலும் முதலில் அதைத்தான் காட்டச் சொல்வார்கள். மனநலச் சிக்கலோடு வெளியேறியவர்கள் அந்தத் தாளில் இரண்டு கட்டங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 24ஆம் கட்டத்தில் பணிவிடுப்பின் தரம் இருக்கும். 28ஆம் கட்டத்தில் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் இருக்கும். உங்களுக்குத் தொல்லை தருவது எந்தக் கட்டம் என்று தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். கையில் உள்ள பிரதியில் இந்த விவரங்களே இல்லையென்றால் அது சுருக்கப் பிரதி. ‘மெம்பர்-4’ எனப்படும் முழுப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை மன்றம் இல்லாமல் நிர்வாக முறையில் கொடுக்கப்படும் தரங்களில் முக்கியமானவை மூன்று: ‘ஆனரபிள்’ (முழு மதிப்புடன் விடுவிப்பு), ‘ஜெனரல்’ (மதிப்புக்கு உட்பட்டது, ஆனால் குறையுள்ளது), ‘அதர் தேன் ஆனரபிள்’ (மதிப்புக்குரியதல்லாத விடுவிப்பு). கடைசியாகச் சொன்னதைப் படைவீரர்கள் ஓ.டி.எச். என்பார்கள். ‘பேட் கான்டக்ட்’, ‘டிஸ்ஆனரபிள்’ ஆகிய இரண்டும் ராணுவ நீதிமன்றம் கொடுக்கும் தண்டனைகள். அவற்றின் கதை வேறு. ‘ஜெனரல்’ பெற்றவருக்கு வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) மருத்துவமும் இயலாமை உதவித்தொகையும் பெரும்பாலும் கிடைக்கும், ஜி.ஐ. பில் (படைவீரர் கல்வி உதவித் திட்டம்) கிடைக்காது. ஓ.டி.எச். பெற்றவருக்கோ, வி.ஏ. தனியாக விசாரித்து முடிவு சொல்லும்வரை பெரும்பாலான கதவுகள் மூடியே இருக்கும்.

காரணக் கட்டத்தால் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. தரம் ‘ஆனரபிள்’ என்றே இருக்கும். கீழே காரணம் ‘பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்’ (ஆளுமைக் கோளாறு) என்று அச்சாகியிருக்கும். ஆளுமைக் கோளாறு படையில் சேரும் முன்பே இருந்தது என்பது ராணுவத்தின் நிலைப்பாடு. ஆகவே அதற்கு இழப்பீடு கிடையாது. போர்க்களத்திலிருந்து திரும்பிய பின் தூக்கம் கெட்டு, எரிந்து விழத் தொடங்கிய ஒருவருக்கு அவசர கதியில் இந்த முத்திரை குத்தப்பட்ட சம்பவங்கள் உண்டு. சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் தேறி, சில ஆண்டுகள் நல்ல மதிப்பீடும் வாங்கியவருக்குத் திடீரென்று பிறவிக் குணம் கெட்டது என்று எழுதியிருந்தால், அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. திருத்த மனுவை விசாரிக்கும் வாரியம் ஒப்புக்கொண்டால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ‘செக்ரெட்டேரியல் அதாரிட்டி’ (துறைச் செயலரின் அதிகாரப்படி) என்ற பொதுவான வாசகம் வந்துவிடும். வேலை கொடுப்பவர் அதிலிருந்து நோயைப் படிக்க முடியாது.

இந்த நிலை எப்படி வருகிறது? பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்), தலையில் அடிபட்ட மூளைக்காயம், மனச்சோர்வு ஆகியவை முகாமில் நோயாகத் தெரிவதில்லை. ஒழுங்கீனமாகவே தெரிகின்றன. இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர் காலை அணிவகுப்புக்குத் தாமதமாக வருவார். தூக்கத்துக்காகக் குடிப்பார், கஞ்சா புகைத்துச் சிறுநீர்ச் சோதனையில் மாட்டுவார். சார்ஜென்ட்டிடம் கத்துவார். ஒருநாள் ஏவால் (அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டுப் போதல்) ஆகிவிடுவார். மேலதிகாரியின் மேசைக்கு வருவது குற்றப் பட்டியல் மட்டுமே. ‘சாப்டர் 14’ (தீய நடத்தைக்கான வெளியேற்றம்) அல்லது ‘சாப்டர் 10’ (நீதிமன்ற விசாரணைக்குப் பதிலாகத் தானே விலகுதல்) என்று ஒரு தாள் நீட்டப்படுகிறது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

இது ஓரிருவர் கதை அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் தீய நடத்தைக்காக வெளியேற்றப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 62 சதவீதத்தினருக்கு, வெளியேறுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் பி.டி.எஸ்.டி., மூளைக்காயம் அல்லது குறிப்பிட்ட வேறு சில பாதிப்புகளில் ஏதோ ஒன்று கண்டறியப்பட்டிருந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அந்தக் கண்டறிதல்கூட இல்லை. பி.டி.எஸ்.டி. என்ற பெயரே மனநோய்க் கையேட்டில் ஏறியது 1980இல்தான்.

ஆறு மாதம் ஆனால் டிஸ்சார்ஜ் தானாகவே உயர்ந்துவிடும் என்று முகாமிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். இது பல பத்தாண்டுகளாக உலவும் பொய். எதுவும் தானாக மாறாது; நீங்கள் கேட்க வேண்டும், காரணத்தோடு கேட்க வேண்டும்.

கேட்க இரண்டு இடங்கள் உண்டு. வெளியேறி 15 ஆண்டுகள் ஆகவில்லை என்றால் டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு (பணிவிடுப்பு மறுஆய்வு வாரியம்). இதற்கு டிடி-293 படிவம். 15 ஆண்டு கடந்துவிட்டாலோ, பொது ராணுவ நீதிமன்றத் தண்டனையாக இருந்தாலோ, மருத்துவ ஓய்வாக மாற்றக் கேட்டாலோ ஆவணத் திருத்த வாரியம். இதற்கு டிடி-149. இரண்டாவதற்கு 3 ஆண்டு காலக்கெடு என்று சட்டத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. தாமதத்துக்கான காரணத்தை ஒரு பத்தியில் நேர்மையாக எழுதினால் போதும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. விண்ணப்பித்தால் இருக்கும் தரமும் போய்விடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். மறுஆய்வு வாரியம் தரத்தைக் குறைக்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். 2014இல் அன்றைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், பி.டி.எஸ்.டி. உள்ளவர்களின் மனுக்களைத் ‘தாராளப் பார்வை’யோடு அணுகும்படி திருத்த வாரியங்களுக்கு உத்தரவிட்டார். 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை வெளியிட்ட ‘குர்ட்டா குறிப்பு’ அதை விரிவாக்கி, மற்ற மனநோய்கள், மூளைக்காயம், பாலியல் வன்முறை, பாலியல் தொல்லை எல்லாவற்றையும் சேர்த்தது. வாரியம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளையும் அதுவே வகுத்தது. நடத்தைக்குச் சமாதானமாகக்கூடிய நோயோ அனுபவமோ இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்த நடத்தையை விளக்குகிறதா? அது அந்தக் குற்றத்தின் எடையை மிஞ்சுகிறதா?

பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்குத் தாராளமாகப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவதில் சறுக்குகின்றன. “எனக்குப் பி.டி.எஸ்.டி. இருக்கிறது, வி.ஏ. சான்றும் இருக்கிறது” என்று எழுதி முடித்துவிடுவார்கள். நோய் இருந்தது என்பது வேறு. அந்த நோய்தான் அன்றைய செயலுக்குக் காரணம் என்பது வேறு. கூட்டத்தில் நிற்க முடியாத பதற்றம் அணிவகுப்பைத் தவிர்த்ததை விளக்கும். கெட்ட கனவுகள் குடியையும் கஞ்சாவையும் விளக்கும். தாக்கியவனோடு ஒரே முகாமில் இருக்க நேர்ந்த பெண் ஏவால் ஆனதை அந்தத் தாக்குதலே விளக்கும். திட்டமிட்டுக் கிடங்குப் பொருளை விற்றதை இவை எதுவும் எளிதில் விளக்காது. முன்கூட்டித் திட்டமிட்ட குற்றங்களை மனநோய் பொதுவாக மன்னிக்கச் செய்யாது என்று அந்தக் குறிப்பே சொல்கிறது.

எனவே முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பணியில் நடந்தவை: சேர்ந்த நாள், பதவி உயர்வு, பதக்கம், போர்க்களத்துக்குப் போன மாதம், குண்டு வெடித்த நாள், நண்பர் இறந்த நாள். வலப்பக்கம் குற்றச்சாட்டுகள், தேதியோடு. குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிக்கு முன் வலப்பக்கம் வெறுமையாகவும், அதற்குப் பின் நெருக்கமாகவும் இருந்தால், அதுவே உங்கள் வாதம். விண்ணப்பக் கடிதத்தை அந்த வரிசையில் எழுதுங்கள். ராணுவம் எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதுவது மனதை ஆற்றலாம். வாரியத்தின் கேள்விக்கு அது பதில் ஆகாது. செய்ததை மறுக்காமல் ஒப்புக்கொண்டு காரணத்தைக் காட்டும் கடிதத்தையே நான் மதிக்கிறேன்.

சான்று இல்லையே என்று கவலைப்படுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலமே நோய் இருந்ததற்குச் சான்றாக அமையலாம் என்று குர்ட்டா குறிப்பு ஏற்கிறது. பணிக்கால மருத்துவக் குறிப்பு இல்லாவிட்டாலும், இடமாற்றம் கேட்ட கடிதம், திடீரெனச் சரிந்த பணி மதிப்பீடு, அறைத் தோழரின் கடிதம், அந்த நாட்களில் வீட்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவை உதவும். பெற்றோர் எழுதும் கடிதத்தில் “என் மகன் தங்கமானவன்” என்பதைவிட, “ஊருக்கு வந்தபோது கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான், பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் புகுந்தான்” என்பது பல மடங்கு எடை உள்ளது. மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது பழைய ஆவணங்களை முதலில் படிக்கக் கொடுங்கள். நோயின் பெயரோடு நிறுத்தாமல், அது எப்போது தொடங்கியது, எந்த அறிகுறி எந்தச் செயலுக்குக் காரணமாக இருந்திருக்கும் என்பதை அவர் எழுத வேண்டும். பணம் கட்டினால் ஒரே நாளில் கடிதம் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். உங்களைப் பார்க்காமலே எழுதியது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். டிடி-214ஐக் கணினியில் திருத்தி வேலைக்குக் கொடுப்பது குற்றம். சில வீடுகளில் இதையும் யோசிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

பணிக்கோப்பு கையில் இல்லாதவர்கள் எஸ்.எஃப்.-180 படிவம் மூலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் கேட்கலாம். 1973இல் அங்கே ஏற்பட்ட தீ விபத்தில் பழைய தரைப்படை, விமானப்படைக் கோப்புகள் கோடிக்கும் மேல் அழிந்தன. முதியவர்களுக்கு மாற்று ஆவணங்களைத் தேட வேண்டியிருக்கும். கோப்பு வரும்வரை விண்ணப்பத்தை அனுப்பாமல் காத்திருங்கள். 15 ஆண்டுக் கெடு நெருங்கினால் மட்டும் உடனே அனுப்பிவிட்டு, சான்றுகள் பின்னால் வரும் என்று எழுதுங்கள். வாரியங்களின் பழைய முடிவுகள் பெயர் நீக்கி இணையத்தில் இருக்கின்றன. உங்கள் வழக்கைப் போன்ற நான்கைந்தைப் படித்தால் எந்த வாதம் எடுபடுகிறது என்பது புரியும்.

தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியே ஒன்று. 2009 முதல் 2016 வரை நடந்த மாவ்னி (நிரந்தரக் குடியிருப்பு இல்லாத திறமையாளர்களைப் படையில் சேர்த்த திட்டம்) தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழையும் வைத்திருந்தது. மாணவர் விசாவில் இருந்தவர்களும் அதன் வழியே படையில் சேர்ந்து விரைவில் குடியுரிமை பெற முடிந்தது. படைப்பணியின் பேரில் குடியுரிமை பெற்றவர், மொத்தம் 5 ஆண்டுகள் நற்பெயருடன் பணிபுரியும் முன் ஓ.டி.எச். நிலையில் வெளியேறினால், அந்தக் குடியுரிமையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் உண்டு. அது தானாக நடப்பதில்லை. பதறி ஊருக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஆனால் இவர்கள் டிஸ்சார்ஜ் விண்ணப்பத்துக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது அவசியம். மகனுக்கு இப்படி ஆனதை உறவினருக்குத் தெரியாமல் மறைக்க நினைப்பதும், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவதும் நம் வீடுகளில் நடக்கின்றன. கோவிலுக்கு நேர்ந்துகொள்வதைத் தடுக்க மாட்டேன். சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். தொடர்ந்து எடுத்த சிகிச்சையின் ஏடுகள் வாரியத்தின் முன் வலுவான சான்றும்கூட.

தனியாக எழுத முடியாதவர்களுக்குச் சட்டக் கல்லூரிகளின் இலவச உதவி மையங்களும், மாவட்ட அளவிலான படைவீரர் சேவை அலுவலர்களும், அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்களும் இருக்கின்றன. முடிவு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆவணத்தின் பேரில் மறுக்கப்பட்டால், 15 ஆண்டுக்குள் நேர் விசாரணை கேட்கலாம். அதிலும் மறுக்கப்பட்டால் திருத்த வாரியத்துக்குப் போகலாம். 2014க்கு முன் மறுக்கப்பட்டவர்கள் புதிய விதிகளின்படி மீண்டும் கேட்பது நல்லது.

வாரியத்தின் பதிலுக்காக மருத்துவத்தைக் காத்திருக்க வைக்காதீர்கள். வி.ஏ.யின் விசாரணை முற்றிலும் தனியானது. டிஸ்சார்ஜ் மாறாமலே அது உங்களை ஏற்கலாம். ஓ.டி.எச். என்றால் வி.ஏ. பக்கமே போகக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், விண்ணப்பியுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், எந்தத் தரத்தில் வெளியேறியிருந்தாலும் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தலாம். அங்கே யாரும் டிடி-214 கேட்க மாட்டார்கள்.